சிப்பிக் குஞ்சும் ஓர் அங்குலமும்

வீட்டிலே குழந்தை ஒன்று நோயாய்க் கிடந்தால், "இந்த வயதைக் கடந்துவிட்டாற் பயமில்லை" என்று பாட்டிமார் ஆறுதல் கூறுவதுண்டு. சிறுவரை வாட்டும் சில பிணிகள் வளர்ந்தவரை அவ்வளவாகத் தீண்டுவதில்லை என்பது அவர்கள் அநுபவத்திற் கண்ட உண்மை. கடலிலே வாழும் ஓர் உயிருக்கும் இத்தகைய எல்லை ஒன்றுண்டு. அதன் எல்லை வயதன்று, நீளம். ஓர் அங்குலம் வளரும்வரை அதன் உயிர் நூலிலே தொங்குகின்றது. ஓர் அங்குலத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக் கொள்கின்றது. அவ்வுயிர் சிப்பி. அதனை வாட்டும் எதிரி கண்ணுக்குத் தெரியாத ஒரு கடற் பற்றீரியா.

இரண்டு கல்லோடுகளுக்குள் ஒளிந்து வாழும் சிப்பிக்கும் நோய் வருமா என்று எவரும் நகைக்க வேண்டா. சிப்பி தன் வாயிலை எந்நேரமும் பூட்டி வைத்திருக்க இயலாது. உண்பதற்கும் மூச்சு விடுவதற்கும் அது ஓட்டைச் சற்றே திறந்து கடல்நீரை உள்ளிழுக்க வேண்டும். நன்கு வளர்ந்த சிப்பி ஏற்ற காலத்தில் நாளொன்றுக்கு நூறு லீற்றருக்கு மேற்பட்ட நீரைத் தன் செவுள்களினூடாகச் செலுத்தி, அதிலுள்ள நுண்பாசிகளை வடித்து உண்கின்றது. உணவு வருகின்ற வழியாலேயே பகையும் வருகின்றது.

இக்கதை நிகழ்ந்த இடம் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்குக் கரை. அங்கே மெயின் மாநிலத்தில் டாமரிஸ்கொற்றா என்றோர் ஆறு உண்டு. ஆறு என்று பெயரே ஒழிய, கடல் ஏறி இறங்கும் நீண்ட கழிமுகம் அது. அதன் கரைகளிலே மலைபோற் குவிந்த சிப்பி ஓடுகளை இன்றும் காணலாம். ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கிப் பல நூற்றாண்டுகளாக அந்நாட்டின் பழங்குடி மக்கள் சிப்பியை உண்டு எறிந்த ஓடுகள் அவை. ஒரு குவியலின் பெரும் பகுதியை 1886ஆம் ஆண்டு முதலாகத் தோண்டி எடுத்து, அரைத்து, கோழித் தீனியாக விற்றுவிட்டனர். பழமையைக் கோழிக்கு இட்டனர் என்று வருந்தத் தோன்றுகின்றது. எஞ்சியவையே அந்நீர் சிப்பிக்கு எத்துணை உகந்தது என்பதற்குப் போதிய சாட்சி.

அந்த ஆற்றிலே இக்காலத்தில் நடப்பது சிப்பிப் பயிர்ச்செய்கை. அங்கு வளர்க்கப்படுவது கிராசொஸ்திரியா வேர்ஜினிக்கா எனும் இனம். உண்பதற்கான இச்சிப்பியையும் எம் மன்னார்க் கடலிற் புகழ் பெற்ற முத்துச் சிப்பியையும் ஒன்றென எண்ணுதல் கூடாது. அவை வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை.

பயிர்ச்செய்கை என்று கூறியது வெறும் உவமையன்று. அதற்கும் விதை உண்டு, நாற்றுமேடை உண்டு, நடுகை உண்டு, அறுவடையும் உண்டு. கரையிலுள்ள கூடத்திலே தாய்ச் சிப்பிகளை மெல்ல வெப்பமூட்டிய நீரில் வைத்து இனப்பெருக்கத்துக்குத் தூண்டுவர். ஒரு தாய் இலட்சக் கணக்கில் முட்டைகளைச் சொரியும். பொரித்த குடம்பிகள் இரண்டு மூன்று வாரம் நீரில் நீந்தித் திரிந்த பின்னர், எதையாவது பற்றி நிலைகொள்ளும். பற்றிக் கொள்வதற்கென ஓட்டுத் தூளை மணல்போல் அரைத்து இட்டு வைத்திருப்பர். ஒரு குடம்பிக்கு ஒரு துகள் என்பதே கணக்கு. அங்ஙனம் நிலைகொண்ட குஞ்சு மிளகளவும் இராது. அதனையே பயிர் செய்வோர் 'விதை' என்கின்றனர். விதை சிறிது பருத்ததும், வலைப் பைகளிலும் தட்டுகளிலும் நிரப்பி ஆற்றிலே மிதக்க விடுவர். சந்தைக்குரிய மூன்று அங்குலம் வளர்வதற்கு அக்குளிர் நாட்டிலே இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். ஆகவே ஓராண்டின் விதை அழிந்தாற் கெடுவது அவ்வாண்டின் வருவாயன்று. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின்வரும் வருவாய்.

1988ஆம் ஆண்டின் கோடையிலே அவ்வழிவு தொடங்கியது. மெயின் மாநிலத்தில் மட்டுமன்றி மசச்சூசெற்சிலும், நியூ யோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்ட் கரையிலும் ஒரே வகையான துயரம் காணப்பட்டது. நீரின் வெப்பநிலை 20 பாகை செல்சியசைத் தாண்டிய நாட்களில், நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குஞ்சுகள் திடீரென வளர்ச்சியை நிறுத்தின. கீழேயுள்ள குழிந்த ஓடு மேலேயுள்ள தட்டையான ஓட்டை விஞ்சி நீண்டு, மூடி பொருந்தாத சிமிழ் போலாயிற்று. உள்ளேயிருந்த மென்மூடி, அதாவது ஓட்டைச் சுரந்து வளர்க்கும் மெல்லிய தோல், விளிம்பை விட்டுப் பின்வாங்கிச் சுருங்கியது. பின்னர் இறப்புத் தொடங்கியது. சில வாரங்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட குஞ்சுகள் மாண்ட தட்டுகளும் இருந்தன. திங்கட்கிழமை உயிரோடு கண்ட பையை அடுத்த கிழமை தூக்கிக் குலுக்கினால், வெற்றோடுகள் கிலுகிலுக்கும் ஓசையே கேட்கும்.

பக்கத்துத் தட்டிலே அதே நீரைக் குடித்து வளர்ந்த பெரிய சிப்பிகளுக்கோ ஒன்றும் நேரவில்லை. காரணம் அறியாத மக்கள் இதற்கு 'இளஞ்சிப்பி நோய்' என்று பெயரிட்டனர். பெயரிலே அறியாமை அடங்கியிருந்தது. இளம் சிப்பி சாகின்றது என்பதற்கு மேல் அப்பெயர் எதையும் கூறவில்லை.

ஆயினும் மாண்ட சிப்பிகள் ஒரு தடயத்தை விட்டுச் சென்றன. ஓட்டின் உட்புறத்தைப் பார்த்தால், வெண்மையான பரப்பிலே பழுப்பு நிறமான ஒரு வளையம் வரம்பு கட்டியது போல் எழும்பியிருக்கும். அது கொங்கியோலின் எனும் பொருள். ஓட்டிலே சுண்ணாம்புத் துகள்களைப் பிணைத்து நிற்கும் புரதம் அதுவே. முத்திலும் பளபளக்கும் படைகளை ஒட்டிப் பிடிப்பது அதுவே. வேண்டாத பொருள் உள்ளே நுழைந்தால் அதனைத் தன் சுரப்பினால் மூடிப் புதைத்துவிடுவது இவ்வினங்களின் இயல்பு. அப்புதைப்பு அழகாய் அமைந்த இடத்து அதனை முத்தென்று மாலையிற் கோக்கின்றோம். இங்கோ அது அவசரத்தில் எழுப்பிய மதில். எதிரியை வெளியே நிறுத்துவதற்காகக் குஞ்சு தன் வீட்டுக்குள்ளேயே சுவர் எழுப்பிப் பின்வாங்கியிருக்கின்றது. சுவர் எழுப்பவே வலிமையெல்லாம் செலவாகிவிட, வளர்ச்சி நின்று போகின்றது.

எதிரி யார்? ஐயம் பல திசைகளிலே சென்றது. நுண்பாசிகளிற் சில நஞ்சு கக்குவன. அவற்றின் வேலையோ என்று சிலர் நினைத்தனர். புண்பட்ட இழையங்களிலே ஒற்றைக்கல ஒட்டுண்ணி போன்ற உருவங்களைக் கண்டு அதன்மீது குற்றஞ் சாட்டியோரும் உண்டு. நோயுற்ற குஞ்சுகளுடன் நலமான குஞ்சுகளை ஒரே தொட்டியில் வைத்தபோது நலமானவையும் நோயுற்றன. ஆகவே இது தொற்றும் பிணி என்பது மட்டும் உறுதியாயிற்று. தொற்றுவது எது என்பது பல ஆண்டுகள் வெளிப்படவில்லை.

பயிர் செய்வோர் அதுவரை கைகட்டிக் காத்திருக்க முடியுமா? கடனுக்கு வட்டி காத்திருப்பதில்லை அன்றோ! இவ்விடத்திலேதான் இக்கதையில் யான் பெரிதும் மதிக்கும் பகுதி வருகின்றது. நோய்க்கிருமி இன்னதென்று தெரியாமலே நோயை வெல்லும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. டேவிஸ், பாபர் என்னும் இரு ஆராய்ச்சியாளர் மெயினிலே வெவ்வேறு அளவான குஞ்சுகளின் இறப்பைக் கணக்கிட்டு 1994ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நோய் வரும் காலத்தில் 25 மில்லிமீற்றருக்குக் குறைந்த சிப்பிகள் கொத்துக் கொத்தாய் மடிந்தன; அதனைத் தாண்டியவற்றில் இறப்பு மிகவும் குறைந்திருந்தது. 25 மில்லிமீற்றர் என்பது ஏறக்குறைய ஓர் அங்குலம்.

இவ்வோர் எண் பயிர் செய்வோர் கையிலே கிடைத்ததும் அது நாட்காட்டியாக மாறிற்று. நோய் வருவது நடுக்கோடையில், நீர் வெம்மையடைந்த பின்னர். அதற்கு முன்னர் குஞ்சு ஓர் அங்குலம் வளர்ந்துவிட வேண்டும். எனவே தாய்ச் சிப்பிகளைக் கூடத்திலே முற்கூட்டியே தூண்டிக் குளிர்காலத்திலேயே விதையை ஆயத்தம் செய்து, வசந்தத்தில் நீர் சிறிது சூடேறியவுடன் ஆற்றில் இட்டனர். நெருக்கமாய் வைத்த குஞ்சுகளே மிகுதியாக மடிகின்றன என்பதைக் கண்டு, ஒரு தட்டில் இடும் தொகையைக் குறைத்தனர். வலைக் கண்களைப் பெரிதாக்கி நீரோட்டம் தாராளமாய்ப் பாயச் செய்தனர். உணவும் ஒட்சிசனும் நிறையக் கிடைக்க, குஞ்சும் விரைந்து வளர்ந்தது. நோயிலிருந்து தப்பிய சிப்பிகளையே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராய்த் தெரிந்தெடுத்து, ஓரளவு தாங்கும் வழிமுறைகளையும் உருவாக்கினர். இவற்றுள் ஒன்றேனும் மருந்தன்று. நாற்று இடும் காலத்தை மாற்றிப் பூச்சிக்குத் தப்பும் உழவனின் உபாயமே இது.

மழைக்கு முன் அறுவடை என்று எம் கமக்காரர் ஓடுவது போல, வெப்பத்துக்கு முன் ஓர் அங்குலம் என்று அவர்கள் ஓடினர். சில ஆண்டுகளில் வசந்தம் தாமதித்து வரும், நீர் குளிர்ந்தே கிடக்கும், குஞ்சு வளராது. பின்னர் கோடை ஒரேயடியாய் வந்து சேரும். அவ்வாண்டுகளில் ஓட்டத்திலே தோல்விதான்.

இனிக் கிருமியின் கதைக்கு வருவோம். மெயின் பல்கலைக் கழகத்திலே கதரின் பெற்சர் என்னும் நுண்ணுயிரியல் ஆராய்ச்சியாளரும் அவருடன் பணியாற்றியோரும் எளிமையான ஒரு வினாவை எழுப்பினர். குற்றவாளி பற்றீரியாவாயின், பற்றீரியாவைக் கொல்லும் மருந்து சிப்பியைக் காப்பாற்ற வேண்டுமன்றோ? குஞ்சுகளை வாரந்தோறும் மருந்து கலந்த நீரில் அமிழ்த்தி எடுத்தனர். மருந்து பெற்றவற்றில் நோய் பிந்தி வந்தது, இறப்பும் குறைந்தது. ஒட்டுண்ணியின் மீதும் நஞ்சுப் பாசியின் மீதும் இருந்த ஐயம் இதனால் வலுவிழந்தது. அம்மருந்தை ஆற்றிலே கொட்டிப் பயிரைக் காக்கலாம் என எவரும் எண்ண வேண்டா. அது நோயை விடப் பெரிய கேடாய் முடியும். இங்கே மருந்து வைத்தியனாக வரவில்லை, சாட்சியாக வந்தது.

அடுத்து 1997ஆம் ஆண்டு டாமரிஸ்கொற்றா ஆற்றிலே நோய் பரவியபோது, நோயுற்ற குஞ்சுகளிலிருந்த பற்றீரியாக்களைத் தட்டுகளில் வளர்த்துப் பார்த்தனர். முன்பு எவரும் பெயரிட்டறியாத ஓரினம் பிறவற்றை எல்லாம் விஞ்சித் தலைதூக்கி நின்றது. 1998ஆம் ஆண்டு மூன்று தனித்தனிப் பரவல்களிலும் அதுவே கிடைத்தது. நோயற்ற குஞ்சுகளிலோ, நோய் இல்லாத இடத்தில் வளர்ந்தவற்றிலோ அது கிடைக்கவில்லை. தனியே வளர்த்த அப்பற்றீரியாவை நலமான சிப்பிகளுக்கு ஊசி மூலம் செலுத்தியபோது இறப்பு மிகுந்தது. மாண்டவற்றிலிருந்து அதே பற்றீரியா மீண்டும் பெறப்பட்டது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே ஜேர்மானிய அறிஞர் றொபேட் கொக் வகுத்த முறையை மாணவர்கள் பாடநூலிற் படித்திருப்பர்: நோயுற்ற உடலிற் கிருமியைக் காண்க, தனியே வளர்க்க, நலமான உடலிற் புகுத்தி நோயை உண்டாக்குக, அதிலிருந்து மீண்டும் பெறுக. அதே பாதைதான் இங்கும். ஆனால் ஊசியாற் செலுத்துவது கடலின் வழக்கமன்று. ஆதலால் வழக்கு முற்றாக முடிந்துவிட்டதென்று அன்றே எவரும் கூறவில்லை.

அவ்வாராய்ச்சியிலே எதிர்பாராத இன்னொன்றும் தெரிய வந்தது. நோய் நிலவிய அதே இடத்தில் நோயின்றித் தப்பியிருந்த குஞ்சுகளில் ஸ்ரப்பியா என்னும் வேறோரின பற்றீரியா நிலையாகக் குடிகொண்டிருந்தது. வளர்ப்புத் தட்டிலே இரண்டையும் அருகருகே வைத்தபோது, நோய்க்கிருமியின் வளர்ச்சியை ஸ்ரப்பியா தடுத்தது. வாடகைக்கு வந்த நல்லவன் திண்ணையிலேயே படுத்திருந்தால் திருடன் நுழைவது கடினம் அல்லவா? சிப்பியினுள்ளும் அவ்வாறே நிகழ்ந்திருக்கக் கூடும்.

இத்தனை காலம் கிருமி ஏன் அகப்படவில்லை என்பதற்கும் விடை பின்னரே கிடைத்தது. சிப்பியின் நோயை ஆராய்வோர் ஓட்டை நீக்கிவிட்டுச் சதையை மெல்லிய தகடுகளாக அரிந்து, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியிற் பார்ப்பது வழக்கம். இக்கிருமியோ பெரும்பாலும் சதையினுள் இருப்பதில்லை. ஓட்டின் உட்பரப்பிலே, கொங்கியோலின் வளையத்தை அண்டி ஒட்டியிருக்கின்றது. தேடியவர்கள் சதையைத் துருவிப் பார்த்தார்கள். ஒளிந்திருந்தவன் அவர்கள் கழற்றி ஒதுக்கிய கதவிலே ஒட்டிக்கொண்டிருந்தான். குஞ்சு எழுப்பிய பழுப்பு வரம்பின் பொருளும் இதனால் விளங்குகின்றது. எதிரி நின்ற இடத்தை அது பிழையின்றி அறிந்திருந்தது.

2005ஆம் ஆண்டில் அப்பற்றீரியாவுக்கு முறைப்படி ரோசியோவாரியஸ் கிராசொஸ்திரியே என்று பெயரிட்டனர். முதற்பகுதி ரோசா நிறத்தைக் குறிப்பது. பிற்பகுதி, அது குடியேறும் சிப்பி இனத்தின் பெயரிலிருந்து வந்தது. 2007ஆம் ஆண்டில் நோயின் பெயரையும் மாற்றி, 'இளஞ்சிப்பி நோய்' என்பதற்குப் பதிலாக 'ரோசியோவாரியஸ் சிப்பி நோய்' என வழங்க முன்மொழிந்தனர். அறியாமையைச் சுமந்த பழைய பெயர் பத்தொன்பது ஆண்டுகளின் பின் ஓய்வு பெற்றது. பெயரின் அலைச்சல் அத்துடன் ஓயவில்லை. 2015ஆம் ஆண்டில் உறவுமுறைகளை மீண்டும் ஆராய்ந்தோர் அதனை வேறொரு சாதிக்கு மாற்றி அலியிரோசியோவாரியஸ் என்றாக்கினர். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் இரண்டு பெயரையும் ஒரே கிருமியாகவே கொள்க.

இக்கிருமியின் உறவினர் கூட்டம் கடலிலே மிகப் பெரிது. கரையோரக் கடல்நீரில் வாழும் பற்றீரியாக்களுள் அவை கணிசமான பங்கினர். பாசிகள் விடும் கந்தகச் சேர்வைகளை உண்டு கடலின் பணியைச் செய்வன. கடற்கரையிலே நாம் நுகரும் அந்தத் தனி மணத்திலும் அவற்றுக்குப் பங்குண்டு. அத்தகைய குடும்பத்தில் ஒருவன் சிப்பிக் குஞ்சுக்குக் கூற்றுவனாய் அமைந்தான். மனிதருக்கு அவனாற் கேடில்லை.

ஓட்டினுள் வளையம் எழுப்பும் போர் அமெரிக்கக் கரைக்கு மட்டும் உரியதன்று. 1987ஆம் ஆண்டிலே பிரான்ஸ் தேசத்தின் வடமேற்கில் பிரெத்தாஞ் கரையிலே வளர்க்கப்பட்ட மனிலா மட்டிகள் இதே போன்ற பழுப்பு வளையத்துடன் மடிந்தன. அங்கே குற்றவாளி விப்ரியோ தப்பெற்றிஸ் என்னும் முற்றிலும் வேறான பற்றீரியா. இரண்டு கரைகள், இரண்டு வகை மென்னுடலிகள், இரண்டு வகைக் கிருமிகள். ஆயினும் ஓட்டுக்குள் எழுந்த மதில் ஒன்று போலவே இருந்தது.

அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும் மாணவர்கள் ஒரு சிப்பி ஓட்டை எடுத்து உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார்களாக. நடுவிலோ ஒரு பக்கத்திலோ நிறம் மாறிய ஒரு தழும்பு தென்படும். அதனைக் கண்டு நோயென்று மயங்க வேண்டா. இரண்டு ஓடுகளையும் இழுத்து மூடிய தசை பற்றியிருந்த இடம் அது. எல்லாச் சிப்பியிலும் இருப்பது. அத்தழும்பைச் சூழ்ந்து, விரலால் தடவினால் தட்டுப்படுமாறு பழுப்பு வரம்பொன்று எழும்பி நின்றால் மட்டும், அதற்குள் இருந்த உயிர் ஏதோ ஒன்றை எதிர்த்துச் சுவர் எழுப்பியது என்று கொள்ளலாம். ஓட்டின் நீளத்தையும் அளந்து குறித்துக் கொள்க.